கை மீட்டரா, மேசை மீட்டரா?

ஒன்பது வோல்ட் பாட்டரி ஒன்றையும், ஒவ்வொன்றும் பத்து லட்சம் ஓம் தடையுள்ள இரண்டு ரெசிஸ்டர்களையும் எடுத்துக்கொண்டு, ரெசிஸ்டர்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து, வெளி முனைகள் இரண்டையும் பாட்டரியோடு சேர்த்துவிட்டால், நடுவே அவை சந்திக்கும் இடத்தில் மின்னழுத்தம் எவ்வளவு இருக்கும் என்ற கேள்விக்குப் பள்ளி மாணவனும் தயங்காமல் விடை கூறிவிடுவான். தடைகள் இரண்டும் சமம். ஆகவே அழுத்தமும் சமமாகப் பங்கிடப்பட வேண்டும். விடை நாலரை வோல்ட். ஆனால் மீட்டரை வைத்துப் பார்க்கப் புகுந்தால் விஷயம் இத்தனை எளிதாக முடிவதில்லை. சென்னை ரிச்சி தெருவில் மிக மலிவாகக் கிடைக்கும் மஞ்சள் நிறச் சிறு மீட்டர் 3 வோல்ட் என்கிறது. சற்று விலை கூடிய கை மீட்டர் 4.29 என்கிறது. ரேடியோ ரிப்பேர்க்காரர்கள் ஒரு தலைமுறைக்கு முன் கண்ணும் கருத்துமாகப் பேணி வந்த முள் மீட்டரைப் பத்து வோல்ட் நிலையில் வைத்தால், முள் 1.29 வோல்ட்டுக்கு மேல் எழ மறுக்கிறது. ஆராய்ச்சிக்கூடங்களில் காணப்படும் மேசை மீட்டரோ, தக்கபடி அமைக்கப்பட்டால், 4.4998 என்று நான்கு தசம ஸ்தானங்களோடு பதில் தருகிறது. சாதனங்கள் நான்கு, விடைகளும் நான்கு; அவற்றில் எதுவும் பழுதுபட்டதல்ல, எதுவும் பொய் சொல்லவுமில்லை என்பதுதான் இதிலுள்ள விசேஷம்.

வீட்டின் ஒரு மூலையில் மேசை போட்டு, சால்டரிங் அயர்னும் சில பெட்டி உதிரிப்பாகங்களுமாக எலெக்ட்ரானிக்ஸ் வேலையில் ஈடுபடும் அன்பர்களுக்கு, கை மீட்டரே போதுமா அல்லது மேசை மீட்டர் ஒன்றை வாங்கத்தான் வேண்டுமா என்ற சந்தேகம் என்றேனும் ஒருநாள் எழாமல் இராது. இந்தச் சந்தேகத்தை விலையைக் கொண்டும், முகப்பில் தோன்றும் இலக்கங்களின் எண்ணிக்கையைக் கொண்டும் தீர்த்துக்கொள்பவர்களே அதிகம். மேலே சொன்ன நான்கு விடைகளின் காரணத்தை அறிந்துகொண்டவர்கள், இலக்கங்களைக் கேட்பதற்கு முன் வேறு இரண்டு கேள்விகளைக் கேட்பார்கள் என்பது என் அபிப்பிராயம்: இந்த மீட்டர் நான் அளக்கும் சுற்றை எவ்வளவு கலைக்கிறது? இது காட்டும் எண்ணுக்குப் பிரமாணம் எது?

முதற்கேள்வியை முதலில் பார்ப்போம். மின்னழுத்தத்தை அளக்கும் சாதனம் எதுவாயினும், அளக்கப்படும் சுற்றிலிருந்து சிறிதளவேனும் மின்னோட்டத்தை வாங்கிக்கொண்டே தன் காரியத்தைச் செய்கிறது. எவ்வளவு வாங்குகிறது என்பதை நிர்ணயிப்பது அதன் இரு முனைகளுக்கும் இடையே உள்ள தடை. இதை உள்ளீட்டுத் தடை என்று கூறலாம். மலிவு மீட்டரில் இது பெரும்பாலும் பத்து லட்சம் ஓம். அதை இரண்டாவது ரெசிஸ்டரின் குறுக்கே வைத்த மாத்திரத்தில், மின்சாரம் செல்வதற்குச் சமமான இரண்டு பாதைகள் ஏற்பட்டு, அப்பகுதியின் தடை பாதியாகக் குறைந்துவிடுகிறது. குறைந்த தடைக்குப் பாட்டரியின் ஒன்பது வோல்ட்டில் மூன்றில் ஒரு பங்கே கிட்டுகிறது. அதாவது, மீட்டர் இணைந்திருக்கும் அந்த நேரத்தில் அங்கே உண்மையாகவே இருப்பது 3 வோல்ட்தான். மீட்டரை எடுத்ததும் அது மறுபடி நாலரையாக ஏறிவிடுகிறது. நல்ல கை மீட்டர்களின் உள்ளீட்டுத் தடை ஒரு கோடி ஓம். ஆகவே அவை கலைப்பது குறைவு. மேசை மீட்டர்களில் பத்து வோல்ட் வரையுள்ள நிலைகளில் அத்தடையை ஆயிரம் கோடி ஓமுக்கும் மேலாக உயர்த்திக்கொள்ள வசதியுண்டு.

முள் மீட்டரின் கதை சற்று வேறு. பிரிட்டிஷ் தபால் துறையில் பொறியாளராக இருந்த டொனால்ட் மக்காடி என்பவர், அழுத்தத்துக்கு ஒன்று, ஓட்டத்துக்கு ஒன்று, தடைக்கு ஒன்று என்று தனித்தனி சாதனங்களைச் சுமந்து திரிவதில் சலிப்புற்று, மூன்றையும் ஒரே பெட்டியில் அடக்க யோசித்ததன் பயனாக 1923-இல் விற்பனைக்கு வந்தது ‘ஏவோ’ மீட்டர். அதன் வழிவந்த எட்டாம் மாதிரி 1951-இல் தோன்றி 2008 வரை உற்பத்தி செய்யப்பட்டது என்பதிலிருந்தே அதன் பெருமை விளங்கும். முள்ளை நகர்த்தும் சக்தியை அது அளக்கப்படும் சுற்றிலிருந்தே பெறுவதால், வோல்ட்டுக்கு 20,000 ஓம் என்பதே அதன் கணக்கு. பத்து வோல்ட் நிலையில் இரண்டு லட்சம் ஓம் மட்டுமே. நிலையை மாற்றினால் தடையும் மாறும். தடை மாறினால் ஒரே இடத்தில் ஒரே அழுத்தம் வேறு வேறாகக் காணப்படும். அக்காலத்து ரேடியோச் சுற்றுப்படங்களில், இன்ன வகை மீட்டரால் அளந்தால் இவ்வளவு வோல்ட் என்று குறிக்கும் வழக்கம் இருந்ததன் நியாயம் இதுவே.

இவையெல்லாம் கணக்கில் வரும் செய்திகள்தானே, கண்ணால் காண வழியுண்டா என்று கேட்பவர்களுக்கு எளிய பரீட்சை ஒன்று இருக்கிறது. ஒரு கோடி ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் பாட்டரிக்கும் மீட்டருக்கும் இடையில் வரிசையாக வைத்து அளந்து பாருங்கள். மீட்டரின் தடையும் ஒரு கோடியாக இருந்தால் சரிபாதி, அதாவது நாலரை வோல்ட் காட்டும். பத்து லட்சமாக இருந்தால் 0.82 வோல்ட்டுக்கு இறங்கிவிடும். ஆயிரம் கோடியாக இருந்தால் ரெசிஸ்டர் அங்கிருப்பதையே உணராததுபோல ஒன்பதை ஒட்டி நிற்கும். அச்சிட்ட குறிப்பேட்டை நம்ப வேண்டிய அவசியமின்றி, எந்த மீட்டரின் சுபாவத்தையும் இவ்வாறு ஒரு ரெசிஸ்டரைக் கொண்டே அறிந்துகொள்ளலாம்.

இங்கே மேசை மீட்டரைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிட வேண்டும். நெடுங்காலம் பலராலும் ஆதர்சமாகக் கொள்ளப்பட்ட ஹியூலெட்-பக்கார்ட் 34401ஏ மாதிரியில், மின்சாரம் கொடுத்ததும் அமைந்திருப்பது ஒரு கோடி ஓம்தான். உயர்ந்த தடை வேண்டுமென்றால் உபயோகிப்பவர் அதைப் பிரத்தியேகமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்ந்தெடுத்தபின் வயர்களை எதிலும் தொடாமல் மேசைமேல் கிடத்தினால், முகப்பில் எண்கள் தாமாகவே அலையத் தொடங்கும். சாதனத்தின் உள்ளிருந்து கசியும் அணுவளவு மின்னோட்டமும், அறையில் பரவியிருக்கும் மின்புலமும் அந்த முனைகளில் தங்கிவிடுவதே இதற்குக் காரணம். புதிதாக வாங்கியவர் இதைக் கண்டு பழுதென்று மருள்வதுண்டு.

மின்னோட்டத்தை அளக்கும்போது நிலைமை நேர்மாறானது. அங்கே மீட்டர் சுற்றின் வழியிலேயே உட்கார்ந்துகொள்வதால், அதன் தடை பூஜ்யத்தை நெருங்க வேண்டும். நடைமுறையில் அவ்வாறு நெருங்குவதில்லை. மில்லியாம்பியர் நிலையில் கை மீட்டர் ஒன்றுக்கு 1.8 ஓம் தடை இருப்பதாகக் கொண்டால், 100 மில்லியாம்பியர் இழுக்கும் 3.3 வோல்ட் சுற்று ஒன்றிலிருந்து 0.18 வோல்ட்டை அதுவே விழுங்கிவிடுகிறது. மேசை மீட்டர் இதில் மேலானதாக இருக்கும் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் மேலே சொன்ன 34401ஏ அதே அளவு ஓட்டத்தை 5 ஓம் தடையின் வழியே செலுத்தி, அரை வோல்ட்டுக்கு மேலும் எடுத்துக்கொள்கிறது. விலை ஏறினால் எல்லாக் குணங்களும் ஏறிவிடும் என்ற நம்பிக்கைக்கு இடமில்லை.

இனி இரண்டாம் கேள்வி. முள் இருந்த இடத்தில் எண்கள் எவ்வாறு வந்தன? கலிபோர்னியாவில் ஆண்ட்ரு கே என்பவர் 1950-களின் முற்பகுதியில் எண் காட்டும் வோல்ட்மீட்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அது ஒரு மேசையை நிரப்பும் சாதனம். பின்னர் 1970-களின் இறுதியில், அந்த வேலை முழுவதையும் ஒரே சில்லில் அடக்கிய 7106 போன்ற சிப்புகள் வந்தபின்தான் கையடக்கமான மீட்டர்கள் எங்கும் பரவின. அவை கையாளும் உபாயத்துக்கு இரட்டைச் சரிவு முறை என்று பெயரிடலாம். அளவு தெரியாத ஒரு குழாயை, நிர்ணயித்த நேரம் மட்டும் திறந்துவிட்டு, காலியான தொட்டி ஒன்றில் நீரைப் பிடித்துக்கொண்டு, பிறகு அதே தொட்டியை அளவு தெரிந்த மற்றொரு குழாயின் வழியே வடிக்க எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று பார்த்தால், இரண்டு நேரங்களின் விகிதமே இரண்டு குழாய்களின் விகிதம் ஆகிவிடுகிறதல்லவா? தொட்டியின் அகலம் என்ன, கடிகாரம் சற்று வேகமாக ஓடுகிறதா என்பனவெல்லாம் இரு பாகங்களிலும் ஒரே விதமாக நுழைந்து தாமே கழிந்துபோகின்றன. மீட்டரில் தொட்டிக்குப் பதில் ஒரு கெப்பாசிட்டர். நீருக்குப் பதில் மின்னூட்டம். அளவு தெரிந்த குழாய்க்குப் பதில் சாதனத்தின் உள்ளேயே பொதிந்த ஓர் ஒப்பீட்டு மின்னழுத்தம்.

இந்த முறையின் மற்றொரு சூட்சுமம் நம் வீட்டு மின்சாரத்தோடு சம்பந்தப்பட்டது. சுவரிலுள்ள 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் தன் இரைச்சலை அறையிலுள்ள வயர்களிலெல்லாம் புகுத்திக்கொண்டேயிருக்கிறது; அதன் ஒரு சுழற்சிக்கு 20 மில்லிசெகண்டு. நிரப்பும் நேரத்தை இருபதின் மடங்காக வைத்துவிட்டால், இரைச்சலின் மேடுகளும் பள்ளங்களும் ஒன்றையொன்று சரிக்கட்டிக்கொண்டு மறைந்துவிடும். நூறு மில்லிசெகண்டாக வைத்தாலோ, அதில் 50 ஹெர்ட்ஸின் ஐந்து சுழற்சிகளும் அமெரிக்க 60 ஹெர்ட்ஸின் ஆறு சுழற்சிகளும் மிச்சமின்றி அடங்குவதால், இரண்டு நாடுகளுக்கும் அது பொருந்தும். கை மீட்டரில் இந்த நேரம் தொழிற்சாலையிலேயே நிர்ணயிக்கப்பட்டது. மேசை மீட்டரிலோ, ஒரு சுழற்சி போதுமா, நூறு சுழற்சிகள், அதாவது இரண்டு செகண்டுகள் பொறுத்திருந்து அமைதியான எண்ணைப் பெற வேண்டுமா என்பதை நாமே முடிவு செய்யலாம்.

தொட்டியும் கடிகாரமும் கழிந்துபோனபின் எஞ்சி நிற்பது ஒப்பீட்டு மின்னழுத்தம் ஒன்றே. மீட்டரின் யோக்கியதை முழுவதும் அதைச் சார்ந்தது. மலிவு மீட்டர்களில் அது உஷ்ணம் மாறினால் தானும் மாறும் சாமானிய சுற்று. நல்ல மேசை மீட்டர்கள் பலவற்றில் எல்.எம். 399 என்ற விசேஷ சிப் இருக்கிறது. ஏழு வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவான அழுத்தத்தைத் தரும் அதன் ஜீனர் டையோடு, தன்னோடு கூடிய சிறு சூடாக்கியால் ஏறத்தாழ 90 டிகிரி செல்ஷியஸில் இடையறாது நிலைநிறுத்தப்படுகிறது. அறையில் மின்விசிறி சுழன்றாலும் நின்றாலும் அதற்குக் கவலையில்லை. பாட்டரியில் ஓடும் கை மீட்டரில் இப்படி ஓயாமல் சூடேற்றுவது சாத்தியமில்லை. மேசை மீட்டர் சுவரிலிருந்து மின்சாரம் பெறுவதன் உண்மையான லாபம் இதுதான். சொன்ன துல்லியத்தை அது எட்டுவதற்கு ஒரு மணி நேரம் இயங்கிச் சூடேற வேண்டும் என்று தயாரிப்பாளர் கேட்பதன் காரணமும் பெரும்பாலும் இதுவே.

அந்த ஏழு வோல்ட்டைச் சரியென்று சொன்னவர் யார்? எட்வர்ட் வெஸ்டன் 1893-இல் உருவாக்கிய, 20 டிகிரியில் 1.0186 வோல்ட் தரும் மின்கலம்தான் வெகுகாலம் உலகத்தின் பிரமாணமாக இருந்தது. கேம்பிரிட்ஜில் பிரையன் ஜோசப்சன், இருபத்திரண்டு வயது ஆராய்ச்சி மாணவராக 1962-இல் முன்னறிவித்த ஒரு விளைவு அந்த நிலையை மாற்றியது: மெல்லிய தடுப்பால் பிரிக்கப்பட்ட இரண்டு மீக்கடத்திகளின்மேல் நுண்ணலையைப் பாய்ச்சினால், அலையின் அதிர்வெண்ணை மட்டுமே பொறுத்த படிகளில் மின்னழுத்தம் தோன்றுகிறது, இடையில் வருவன பிளாங்க் மாறிலியும் எலெக்ட்ரான் மின்னூட்டமும் மாத்திரமே. இவ்விரண்டு மாறிலிகளின் மதிப்புகளும் 2019 மே 20 முதல் நிலையாக வரையறுக்கப்பட்டிருப்பதால், பிரமாணம் இன்று ஒரு கண்ணாடிக் குப்பியில் அடைபட்டிருக்கவில்லை. இந்தியாவில் அதைக் காத்து வருவது புதுதில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம். அங்கிருந்து பரிசோதனைக்கூடங்களுக்கும், அவற்றிலிருந்து தொழிற்சாலைகளுக்கும், படிப்படியாக ஒப்பிட்டு இறங்கி வருவதைத்தான் அளவுத்திருத்தம் என்கிறோம்.

இப்போது இலக்கங்களைப் பற்றிப் பேசலாம். ஒரு மீட்டர் எவ்வளவு நுண்ணிய மாற்றத்தைக் காட்டவல்லது என்பது பகுதிறன், காட்டும் எண் பிரமாணத்துக்கு எவ்வளவு அருகிலிருக்கிறது என்பது துல்லியம், இரண்டும் வேறு. நூற்றுக்கு அரை வீதமும் கடைசி இலக்கத்தில் இரண்டும் பிழை இருக்கலாம் என்று உறுதி கூறும் கை மீட்டர் 5.000 வோல்ட் என்று காட்டினால், உண்மை 4.973-க்கும் 5.027-க்கும் இடையில் எங்கேயும் இருக்கலாம். மில்லிவோல்ட் இலக்கம் அலங்காரம் என்றே சொல்லிவிடலாம். ஆறரை இலக்க மீட்டர் எனப்படும் 34401ஏ அதே ஐந்து வோல்ட்டைப் பத்து மைக்ரோவோல்ட் படிகளில் காட்டும். அளவுத்திருத்தம் செய்து ஓராண்டுக்குள், அறை 18 முதல் 28 டிகிரிக்குள் இருந்தால், அதன் பிழை கால் மில்லிவோல்ட்டுக்குள் அடங்கும். நூறு மடங்குக்கு மேல் நம்பகமானது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதன் கடைசி இலக்கங்களும் பிரமாணத்தைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. ஒரு மணி நேரத்துக்கு முன் இருந்ததைவிட இப்போது கூடியதா, இந்த இடத்தைவிட அந்த இடத்தில் குறைந்ததா என்பதை மட்டும் அவை சொல்லும். நம் ஊரில் சித்திரை மாதத்து மாடி அறையில் அந்த 28 டிகிரி வரம்பும் கனவுதான்.

வீட்டு மேசையில் இத்தகைய நம்பகம் எத்தனை தடவை தேவைப்படுகிறது? ரிப்பேர் வேலைகளில் சர்வசாதாரணமாக எதிர்ப்படும் 7805 ரெகுலேட்டர், 4.8 முதல் 5.2 வோல்ட் வரை எது தந்தாலும் நல்லது என்றே தயாரிப்பாளரால் விற்கப்படுகிறது. அதைச் சோதிக்க ஆறரை இலக்கம் எதற்கு? ஆனால் வேறு சில காரியங்கள் உண்டு. சர்க்யூட் போர்டில் எங்கேயோ ஒரு கெப்பாசிட்டர் ஷார்ட்டாகிவிட்டது. ஒரே மின்வழியில் இருபது இருக்கின்றன. எது என்று தெரியவில்லை. அந்த வழியில் 100 மில்லியாம்பியரை மட்டும் கட்டுப்படுத்திச் செலுத்தினால், ஒரு மில்லிமீட்டர் அகலமும் ஒரு சென்டிமீட்டர் நீளமும் உள்ள செம்புத் தடத்தில் ஏறத்தாழ அரை மில்லிவோல்ட் விழும். 0.1 மில்லிவோல்ட் வரை காட்டும் கை மீட்டருக்கு அது ஐந்து படிகள், 0.1 மைக்ரோவோல்ட் வரை காட்டும் மேசை மீட்டருக்கு ஐயாயிரம். ஓட்டம் எந்தக் காலில் போய் முடிகிறதோ அதுவரை அழுத்தம் இறங்கிக்கொண்டே வந்து, அதைத் தாண்டியதும் சமமாகிவிடுவதை எண்களில் பின்தொடர்ந்து, குற்றவாளியைப் பிடித்துவிடலாம். வேறுபட்ட உலோகங்கள் சேரும் இடங்களில் ஒரு டிகிரி வெப்ப வேறுபாடே சில மைக்ரோவோல்ட்டை உண்டாக்கிவிடும் என்பதால், கடைசி இலக்கங்களை இங்கும் நம்பிவிடக் கூடாது.

சிறு தடைகளை அளப்பதிலும் இப்படித்தான். மீட்டரின் வயர்களுக்கே 0.2 ஓம் போலத் தடை இருக்கையில், 0.01 ஓம் ரெசிஸ்டரை இரண்டு வயர்களால் அளப்பது வீண் பிரயாசை. மேசை மீட்டர்களில் ஓட்டத்தைச் செலுத்த இரண்டும், அழுத்தத்தைப் பார்க்க இரண்டுமாக நான்கு முனைகள் இருக்கும். அழுத்தம் பார்க்கும் வயர்களில் ஓட்டமே அநேகமாக இல்லாததால் அவற்றின் தடை கணக்கில் சேராது. இது கெல்வின் பிரபுவின் யோசனை. இரவு முழுவதும் ஒரு பாட்டரி எப்படி வடிகிறது என்று கம்ப்யூட்டரில் பதிவு செய்வதும் மேசை மீட்டருக்கு இயல்பான வேலை. கை மீட்டர்கள் பலவும் சில நிமிஷங்களில் தாமே அணைந்துவிடும்.

இதற்கு மாறாக, மேசை மீட்டரை எடுக்கவே கூடாத இடங்களும் உண்டு. வீட்டு ஸ்விட்ச் போர்டிலும் மீட்டர் பெட்டியிலும் 230 வோல்ட்தான் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கையில், இடி மின்னலாலும் பெரிய மோட்டார்களாலும் ஆயிரக்கணக்கான வோல்ட் கணநேரம் வந்து போகும். அந்த அதிர்ச்சியைத் தாங்குமாறு அமைத்து, கேட்-3, கேட்-4 என்று முத்திரையிடப்பட்ட கை மீட்டர்கள் இருக்கின்றன. மணல் நிரப்பிய பீங்கான் ஃபியூஸ் அவற்றின் உயிர்நிலை. மேசை மீட்டர்கள் பெரும்பாலும் கேட்-2, 300 வோல்ட்டோடு நின்றுவிடும். மஞ்சள் சிறு மீட்டரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அதன் பத்து ஆம்பியர் துளைக்கு ஃபியூஸே இல்லை என்பதை முகப்பிலேயே அச்சிட்டிருப்பார்கள், படிப்பவர்தான் இல்லை. பாட்டரியில் ஓடுவதற்கு இன்னொரு சௌகரியமும் உண்டு: கை மீட்டர் பூமியோடு எவ்விதத் தொடர்பும் இல்லாமல் தனித்து நிற்கிறது. மேசை மீட்டரின் முனைகளும் பூமியிலிருந்து பிரிக்கப்பட்டவையே எனினும், அதன் டிரான்ஸ்ஃபார்மரின் சுற்றுகளுக்கிடையே உள்ள மின்தேக்கத்தின் வழியாகச் சிறு ஓட்டம் கசிந்து, மிக உயர்ந்த தடையுள்ள சுற்றுகளில் தொல்லை தருவதுண்டு.

ஆகவே, புதிதாக மேசை அமைப்பவருக்கு நான் சொல்லும் யோசனை, முதலில் ஒரு கோடி ஓம் உள்ளீட்டுத் தடையும் ஒழுங்கான ஃபியூஸும் உள்ள கை மீட்டர்கள் இரண்டை வாங்கிக்கொள்ளுங்கள் என்பதுதான். ஒன்று ஓட்டத்தைப் பார்க்கையில் மற்றொன்று சுற்றுக்குக் கிடைக்கும் அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால், முன்னே சொன்ன விழுங்கும் குற்றம் கண்ணெதிரே அகப்பட்டுவிடும். இந்தச் சேவையை எவ்வளவு உயர்ந்த மேசை மீட்டராயினும் ஒற்றையாக இருந்து செய்துவிட முடியாது. மேசை மீட்டரின் முறை அதற்குப் பின்பு, மேலே சொன்ன மைக்ரோவோல்ட் வேட்டையும் மில்லிஓம் அளவையும் இரவுப் பதிவுகளும் உண்மையாகவே உங்கள் வேலையில் வந்துவிட்டபோது வருகிறது.

அப்போதும் புதிதாக வாங்குவதைவிட, தொழிற்சாலைகளிலிருந்து கழிந்து வரும் பழைய ஆறரை இலக்க மீட்டரே வீட்டுக்கு உசிதம் என்று எண்ணுகிறேன்; ஒப்பீட்டு ஜீனர்கள் வயது ஏற ஏற ஸ்திரப்படும் இயல்புடையவை. வாங்கச் செல்கையில் 2.5, 5, 7.5, 10 வோல்ட்டுகளைத் தரும் ஏ.டி. 584 சிப் பொருத்திய சிறு பலகை ஒன்றையும், உங்கள் நம்பிக்கைக்குரிய கை மீட்டரையும் எடுத்துச் செல்லுங்கள். ஒரு மணி நேரம் சூடேறிய பிறகு, முனைகளைக் குறுகிய செம்புக் கம்பியால் இணைத்தால் எண் பூஜ்யத்தருகே சில மைக்ரோவோல்ட்டுக்குள் அடங்க வேண்டும். நிலைகளை மாற்றும்போது ரிலேக்கள் இயங்கும் இடங்களில் ‘டிக்’ ஓசை கேட்க வேண்டும். பலகையின் நான்கு அழுத்தங்களும் கை மீட்டரோடு அதன் பிழை வரம்புக்குள் ஒத்துப்போக வேண்டும். அத்தனை நேரம் மின்சாரம் கொடுத்து வைக்க விற்பவர் சம்மதிக்காவிட்டால் அடுத்த கடைக்குப் போய்விடுவதே மேல். முகப்பின் பச்சை எழுத்துகள் மங்கியிருப்பதை மட்டும் பெரிய குறையாகக் கொள்ள வேண்டாம். பல்லாண்டுகள் இரவும் பகலும் எரிந்த அந்த வகை முகப்புகள் அப்படித்தான் ஆகும், அளக்கும் காரியத்துக்கு அதனால் பாதகம் ஒன்றுமில்லை, விலையில் கொஞ்சம் குறைத்துக் கேட்க அது ஒரு நல்ல முகாந்தரம்.